உங்க பொண்ணுக்குச் செய்யறதைச் செய்யுங்க

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரோடு சரி, சம்பளத்தில் கிடையாது. நாடகம், கவிதை, மொழியியல் என்று நல்ல பாடங்களையெல்லாம் சீனியர்கள் எடுத்துக்கொண்ட பிறகு, யாருக்கும் வேண்டாமல் கிடந்த பழைய ஆங்கிலக் காதல் நாவல்கள் என் தலையில் விழுந்தன. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. அந்த நாவல்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவற்றைக் காதல் நாவல்கள் என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியாது. அவை பணத்தைப் பற்றிய நாவல்கள். முதல் வகுப்பில் நான் கதையைத் தொடுவதே இல்லை. போர்டில் நடுவே ஒரு கோடு கிழித்து, இடது பக்கம் ஆண்களை எழுதுவேன். அவர்கள் பெயருக்கு நேரே வருஷ வருமானம். அதை நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு ஆள் முதல்முறையாகக் கதைக்குள் நுழையும்போதே அவன் உயரம், மூக்கு, வருமானம் மூன்றையும் எழுதியவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார். வலது பக்கம் பெண்கள். அவர்களுக்கு நேரே அப்பா விட்டுவிட்டுப் போகும் தொகை. பாதிப் பேருக்கு முட்டை போட வேண்டியிருக்கும்.

போர்டைப் பார்த்ததும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிடும். புவனகிரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வருகிற பிள்ளைகள். மூடுபனியும் குதிரை வண்டியும் அவர்களுக்குப் புரியாது, இது புரியும். வருஷத்துக்கு ஐயாயிரம் பவுண்டு என்று சொல்லி முடிப்பதற்குள் பின்பெஞ்சிலிருந்து, “எத்தன காணி மேடம்?” என்று குரல் வரும். ஒரு வருஷம் பரீட்சைத் தாளில் ஒருவன், கதாநாயகன் வருஷத்துக்கு ஐயாயிரம் பவுன் நகை வாங்குகிறான் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தான். பவுண்டு என்று நான் சொன்னது அவன் காதில் பவுன் என்று விழுந்திருக்கிறது. யார் போடுகிறார்கள் என்றும் எழுதியிருந்தான், பெண் வீட்டார். வருஷா வருஷம் ஐயாயிரம் பவுன் செய்யும் அந்தப் பெண் வீட்டாரை நினைத்து, திருத்தும் இடத்தில் எல்லாருமாகச் சிரித்தோம். நான் பாதி மதிப்பெண் போட்டேன். கதையின் சாரம் பிடிபட்டிருக்கிறதே.

ஆண் பிள்ளை இல்லாத வீட்டுச் சொத்து மகள்களுக்குப் போகாமல் தூரத்து உறவுக்காரன் ஒருவனுக்குப் போகிற ஏற்பாட்டை விளக்க, நான் படித்த காலத்தில் பேராசிரியருக்கு இரண்டு வகுப்பு தேவைப்பட்டது. எனக்கு ஒரு வரி போதும். பங்காளி என்று சொன்னால் பெண்கள் வரிசை மொத்தமும் தலையாட்டும்.

அந்த வரிசையில்தான் அவள் இருந்தாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். காலையில் நான் கடலூர் முதுநகரில் ஏறுகிற பாசஞ்சர் ரயிலில் அவள் தன் ஊரிலிருந்தே ஏறி வருவாள். ஜன்னல் ஓரத்தில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். மற்றவர்கள் கைடு படித்துப் பாஸ் பண்ணுகிறவர்கள். இவள் நாவலையே போனில் இறக்கி வைத்துக்கொண்டு, தெரியாத சொல்லுக்கெல்லாம் அர்த்தம் பார்த்துப் பார்த்துப் படித்தாள். கதாபாத்திரங்களைப் பற்றி, பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களைப் போலப் பேசுவாள். “அந்த ஆளு வேலைக்கு ஆவ மாட்டான் மேடம், பாருங்க, அவன் பார்வையே கணக்குப் போடற பார்வ” என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அவளுடைய அப்பா கரும்பு போட்டுக்கொண்டிருந்தவர், இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மா இருந்தார். அண்ணன் ஒருவர், கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளர். பண்ருட்டியில் அத்தை மகன் ஒருவன் செல்போன் கடை வைத்திருந்தான். அவனோடு இவளுக்குப் பேச்சு இருந்தது. போன் அடித்தால் எழுந்து கதவோரம் போய்விடுவாள். திரும்பி வரும்போது முகம் வேறாக இருக்கும். “எங்க மச்சான் மேடம்” என்று மட்டும் சொல்வாள், நானும் மேலே கேட்டதில்லை.

ஒரு நாள் என் குலதெய்வம் எது என்று கேட்டாள். அடுத்த வாரம் எங்கள் பூர்வீக ஊரைக் கேட்டாள். நானும் அசட்டுத்தனமாக எல்லாவற்றையும் சொல்லிவைத்தேன். ஆலப்பாக்கம் தாண்டி ரயில் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில், “மேடம், தப்பா நெனைக்காதீங்க. எங்க அண்ணனுக்கு உங்கள கேக்கலாமா?” என்றாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. என் ஜாதகத்தைக் கையில் வைத்திருந்த தரகர்கள் எல்லாரும், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும் என்ற வார்த்தைக்கு வந்துவிட்டிருந்தார்கள். பெண் அதிகம் படித்துவிட்டாள் என்பது ஒரு குறை. படித்த அளவுக்குச் சம்பாதிக்கவில்லை என்பது இன்னொரு குறை. உங்க அம்மாவை எங்க வீட்டுக்கு வரச் சொல்லு என்று நான் பாதி விளையாட்டாகச் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். அம்மா, அண்ணன், பெரியப்பா ஒருவர், இவள். நான் உட்காரும்வரை நாற்காலியில் உட்காரமாட்டேன் என்று இவள் அடம்பிடித்தது எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கேசரி சாப்பிட்டார்கள். அண்ணன் என்னிடம் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார், சொன்னேன். “எனக்குக் கதைன்னாலே தூக்கம் வந்துரும். நீங்க சொன்னா கேக்கறேன்” என்றார். அப்படிச் சொல்லும்போது தங்கையைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது, பிடித்துத்தான் இருந்தது.

கிளம்புகிற நேரத்தில் அந்த அம்மா, புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என் அப்பாவிடம் சொன்னார்: “நாங்க எதுவும் கேக்கலங்க. உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க.”

எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பெற்ற எல்லாரும் இந்த வாக்கியத்தைக் கேட்டிருப்பார்கள். என் நாவல்களில் தொகையைச் சொல்லிவிட்டுக் கூச்சப்படாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நாம் கூச்ச சுபாவம் உள்ள ஜனம். செய்வது என்று ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு, எதைச் செய்வது என்று சொல்லாமலே கல்யாணங்களை நடத்திவிடுகிறோம். நல்லா செஞ்சாங்க, ஒண்ணும் செய்யல, இனிமேல் செய்வாங்க. எவ்வளவு என்பதை எதிராளிதான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். சொன்னதும், அய்யோ அதெல்லாம் எதுக்குங்க என்று ஒருமுறை மறுப்பார்கள். அந்த மறுப்பு எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதை வைத்து இன்னும் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

என் அப்பாவுக்கு இந்த மொழி தெரியாது. ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் கேட்டை மூடு என்றால் மூடுவார், வண்டி போனதும் திறப்பார். சொன்னதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அந்த வேலையில் விதி. அன்றைக்கும் அப்படியே செய்தார். “அப்ப எதுவும் வேணாங்கறீங்க” என்றார் சத்தமாக. அந்த அம்மாவால் வேறு என்ன சொல்ல முடியும், ஆமாங்க என்றார். அப்பாவைப் பொறுத்தவரை சிக்னல் விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில், பென்ஷன் வாங்குகிற இடத்தில், மீன் வாங்கப் போன இடத்தில் எல்லாம், எதுவும் வேணாம்னுட்டாங்க என்று சொல்லி வைத்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, சூதுவாது தெரிந்தவர். அவர் வந்து உட்கார்ந்து அப்பாவுக்குப் பொறுமையாக விளக்கினார். “மாமா, வேணாம்னு சொன்னா வேணாம்னு இல்ல மாமா. நீங்க போயி இவ்ளோ போடறோம்னு சொல்லணும். அதுக்குத்தான் அவுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.” அப்பா அவரை ஏதோ கெட்ட வார்த்தை சொன்னவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். வாய்விட்டு வேணாம்னு சொன்னவங்ககிட்டப் போயி விலை பேசச் சொல்றியா, அவுங்களை அவமானப்படுத்தற மாதிரி ஆயிடும் என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்குச் சேர்த்து வைத்திருந்தது பத்துப் பவுன். அதைப் போடுவதில் அப்பாவுக்கு மகிழ்ச்சிதான், அதை ஏன் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை.

உறுதி செய்கிற நாள்வரை ஒரு மாதம் அவளுடைய அண்ணன் தினம் எனக்குப் போன் செய்தார். நான் கதை சொன்னேன். தூங்கவில்லை, கேட்டார். புதிதாக ஒரு ஆள் வந்தால், “இவனுக்கு எவ்ளோ வருது?” என்று முதலில் கேட்பார். இரண்டு பேரும் சிரிப்போம். ஏழைப் பெண்ணைக் கட்ட வேண்டாம் என்று பணக்கார அத்தை மிரட்டுகிற இடம் வந்தபோது, அவன் என்ன செய்தான் என்று ஆர்வமாகக் கேட்டார். அத்தையை மதிக்காமல் வந்துவிட்டான் என்றேன். “அவனுக்குத் தங்கச்சி இருந்துச்சா?” என்றார். இருந்தாள், அவளுக்குத் தனியாக நிறையச் சொத்து உண்டு என்றேன். அப்ப சரி என்றார். அந்த ‘அப்ப சரி’யை நான் காதில் சரியாக வாங்கவில்லை.

உறுதி செய்கிற நாள் வந்தது. எங்கள் தெருவில் சின்னதாகப் பந்தல் போட்டிருந்தோம். அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். பண்ருட்டி அத்தையும் மகனும் வந்திருந்தார்கள். அவள் பச்சைப் பட்டுப் பாவாடை தாவணியில் இருந்தாள். எனக்குப் பூ வைத்துவிட்டது அவள்தான். வைக்கும்போது, இனிமே மேடம்னு கூப்பிட மாட்டேன் என்று காதில் சொன்னாள்.

தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர்கள் பேசுகிற நேரம் ஒன்று உண்டு. அப்போதுதான் பெண் வீட்டார் எழுந்து, இவ்வளவு நகை, இவ்வளவு சீர் என்று சபையில் சொல்ல வேண்டும். அவளுடைய பெரியப்பா, சொல்லுங்க என்பதுபோல அப்பாவைப் பார்த்தார். மாமா அப்பாவின் தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். அப்பா எழுந்தார். இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு அவர்கள் வீட்டாருக்கு நன்றி சொன்னார். இந்தக் காலத்தில் எதுவும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்கிற குடும்பம் எங்கே இருக்கிறது, இப்படிப்பட்ட இடத்தில் பெண்ணைக் கொடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இதைச் சபையறியச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

எதிர் வரிசையில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. இனிமேல் அவர்கள் வாயைத் திறந்து கேட்கவும் முடியாது. சபைக்கு முன்னால் அவர்களைப் பெருந்தன்மையில் கட்டிப்போட்டுவிட்டார் அப்பா. வேண்டுமென்றே செய்திருந்தால் அவரைச் சாமர்த்தியசாலி என்று சொல்லலாம். அவர் மனதார நன்றி சொன்னார். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்து, நல்ல நேரம் முடிகிற மாதிரி இருக்கிறதே என்றார். தட்டை இன்னொரு நாள் மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பண்ருட்டி அத்தை சாப்பிடாமலே வேனில் ஏறினார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சாப்பிட்டவர்களும் பாயசத்தைத் தொடவில்லை.

நான்காம் நாள் மாமா மேல்பட்டாம்பாக்கம் போய்விட்டு வந்தார். இப்போது அந்த வினைச்சொல்லுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. நாற்பது பவுன், கல்யாணச் செலவு எங்களுடையது. கவர்மென்ட் மாப்பிள்ளைக்கு இதெல்லாம் ஜாஸ்தி இல்லை என்று மாமாவே சொன்னார். முதுநகர் வீட்டை விற்றால் முடியும். அப்பா ஓய்வுபெற்ற பணத்தில் கட்டிய இரண்டு அறை வீடு. அம்மா யோசிக்கவே இல்லை, வித்துடலாம் என்றார். இவ இப்படியே இருந்துடுவாளோன்னு எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல என்றார். அப்பா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான், “வேணாம்னுதானே சொன்னாங்க?”

அப்பாவை அப்படிப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. கல்லூரிக்குப் போகவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் செய்தேன். கேட்டது நீங்களா, உங்கள் அம்மாவா என்றேன். நாவலில் வருகிறவன் மாதிரி, எனக்கு எதுவும் தெரியாது, எல்லாம் பெரியவர்கள் என்று மென்று விழுங்குவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

“அந்த நகை எனக்கும் வேணாம், எங்க அம்மாவுக்கும் வேணாம். அது உங்க கழுத்துல தங்காது. தங்கச்சி கழுத்துக்குப் போயிடும். பண்ருட்டி அத்தை அந்த அளவு கேக்கறாங்க. கரும்புக் கடன் போவ எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. வேற வழி இருந்தா சொல்லுங்க, கேட்டுக்கறேன்” என்றார்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ரயிலில் இடம் பிடித்து வைத்தது, குலதெய்வம் கேட்டது, பூ வைத்துவிட்டது எல்லாம். அவள் என்மேல் வைத்திருந்த பிரியம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பிரியத்துக்குள் ஒரு கணக்கும் இருந்தது. அண்ணனுக்கு வருவதை வைத்துத்தான் தங்கைக்குச் செய்ய வேண்டும். வருகிறவள் தனக்குப் பிடித்த மேடமாக இருந்தால் நல்லது என்று நினைத்திருக்கிறாள். அதில் என்ன தப்பு? என் நாவல்களில் வருகிற எந்தப் பெண்ணும் அதைவிடச் சுத்தமாக நினைத்ததில்லை.

எங்கள் வீட்டை விற்று உங்கள் தங்கைக்குக் கல்யாணம் செய்ய முடியாது என்று சொன்னேன். அப்படித்தான் சொன்னேன், அதே வார்த்தைகளில். அவர் சரி என்றார். போனை வைத்த பிறகு முகத்தைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன், அழுகை நிற்கவில்லை. இன்றைக்கு யாராவது திரும்பவும் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அழுததும் உண்மை, சொன்னதும் சரி.

மறுநாள் ரயிலில் வழக்கம்போல எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் அவள் போனைக் கையில் புரட்டிக்கொண்டே, “மேடம், பாதியாவது முடியாதா? மச்சான் அவுங்க அம்மாகிட்டப் பேசிப் பாக்கறேன்னு சொல்லுது” என்றாள். என்னிடம் பத்துப் பவுன்தான் இருக்கிறது, அதற்கு மேல் வீடுதான் இருக்கிறது என்றேன். வீட்டை விற்றால் அப்பாவும் அம்மாவும் எங்கே போவார்கள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். சிதம்பரம் வந்ததும் என் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இறங்கினாள். அதற்கடுத்த வாரத்திலிருந்து வேறு பெட்டியில் ஏறினாள்.

வகுப்புக்கு வந்தாள். அதே முன் பெஞ்சு. கேள்வி மட்டும் கேட்பதில்லை. நானும் நாவலை நடத்திக்கொண்டுதான் போனேன். கதாநாயகி ஒருவனை வேண்டாம் என்று சொல்கிற அத்தியாயம் வந்தது. ஆங்கில நாவலில் ஒரு பெண் வேண்டாம் என்று சொன்னால், கொஞ்ச நாளில் அதைவிட நல்ல மனதோடு அவனே திரும்பி வருவான். அன்றைக்கு அதை நடத்தாமல் புத்தகத்தை மூடிவைத்தேன். கைடில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வகுப்பை விட்டேன். வகுப்பில் எல்லாருக்கும் சந்தோஷம்.

பண்ருட்டி அத்தை காத்திருக்கவில்லை. மகனுக்கு விருத்தாசலம் பக்கத்தில் பெண் எடுத்தார். அந்தப் பையன் அழுதான் என்று கேள்வி. அழுதுகொண்டே தாலி கட்டியிருப்பான், வேறென்ன. அதன்பிறகு அவள் அண்ணனுக்கும் ஒரு பெண் அமைந்தது. ஐம்பது பவுன் என்று மாமா வந்து சொன்னார், எங்களைக் குத்திக்காட்டுகிற தொனியில். ஆனால் அந்தப் பெண்ணின் அப்பா விவரமானவர். கல்யாணம் முடிந்த கையோடு நகையை மகளும் தானும் சேர்ந்து எடுத்த லாக்கரில் கொண்டுபோய் வைத்துவிட்டார். கணக்குப் போட்ட வீட்டுக்கு ஒரு குண்டுமணிகூட வரவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷம் அவள் முகம் ஞாபகம் வந்தது.

செமஸ்டர் முடிய ஒரு மாதம் இருக்கும்போது அவள் வருவது நின்றது. அவளோடு படிக்கிற பெண்கள்தான் சொன்னார்கள். மாப்பிள்ளை கிள்ளையில் இறால் பண்ணை வைத்திருக்கிறவராம். மனைவி இறந்துவிட்டாராம், பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறானாம். வயது எவ்வளவு என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், நம்ம பிரின்சிபால் சார் மாதிரி இருப்பாரு மேடம் என்றாள். நகை, சீர் எதுவும் வேண்டாம், கட்டின புடவையோடு அனுப்புங்கள் என்று சொன்னாராம். இந்த ஆள் உண்மையாகவே அந்த அர்த்தத்தில்தான் சொல்லியிருக்கிறார். கல்யாணத்துக்கு எங்களுக்கு அழைப்பு இல்லை. எங்கள் காலை ரயில் தினமும் கிள்ளையில் ஒரு நிமிஷம் நின்றுதான் போகும். அந்த ஒரு நிமிஷமும் நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பரீட்சைக்கு அவள் வந்தாள். வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். எனக்கு வேறு ஹாலில் கண்காணிப்பு. வினாத்தாள் வாங்கப் போகும் வழியில், மாடிப்படிக்குக் கீழே தண்ணீர்க் குழாய்ப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். புதுத் தாலிக்கயிற்றில் மஞ்சள் இன்னும் போகவில்லை. கொஞ்சம் கறுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எப்போதும்போலச் சிரித்தாள். அது எனக்குத் தாங்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே பேச ஆரம்பித்துவிட்டாள். எங்கே நான் கேட்டுவிடுவேனோ என்று பயந்ததுபோல இருந்தது.

“மேடம், கடைசிப் பகுதி நான் படிக்கவே இல்ல. அங்க படிக்க முடியல. கத மட்டும் சொல்லுங்க மேடம், நான் எழுதிடுவேன்.”

மணி அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. சொன்னேன். வேண்டாம் என்று சொல்லப்பட்டவன் திருந்துகிறான். ஊருக்குத் தெரியாமல் கதாநாயகியின் குடும்பத்துக்கு உதவி செய்கிறான். அவன் வீட்டை அவள் முதல்முறையாகப் போய்ப் பார்க்கிறாள், தோட்டமும் ஏரியுமாக எவ்வளவு பெரிய வீடு. அவன் திரும்பவும் கேட்கிறான், இவள் சரி என்கிறாள். எந்த அத்தியாயத்தில் எது வருகிறது என்றும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தாள். பெரிய கேள்வியாக வந்தால் பணத்தையும் கல்யாணத்தையும் சேர்த்து எழுது, மதிப்பெண் விழும் என்றேன். சரி மேடம் என்றாள்.

பிள்ளைகள் ஹாலுக்குள் போகத் தொடங்கியிருந்தார்கள். அவள் ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு இரண்டு அடி நடந்தவள் நின்றாள்.

“மேடம், நடுவுல இன்னொரு பொண்ணு வருமே. வீட்டுல வழி இல்லன்னு அந்த வயசான ஆளக் கட்டிக்குமே. அது கடைசில என்னாச்சு?”

மனதுக்குள் கடைசி அத்தியாயங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஏதாவது ஒரு வரி இருக்குமா என்று தேடினேன். இல்லை. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதோடு அவளைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வரவில்லை.

“அதப்பத்தி அதுக்கப்புறம் ஒண்ணும் எழுதலம்மா” என்றேன்.

ஹால் டிக்கெட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“அப்ப பரீட்சைக்கு வராது மேடம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.